நீலம் போடாத வெள்ளை

நம் வயதுக்காரர்களில் கண்புரை எடுக்காதவர்கள் இப்போது குறைவு. எடுத்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். சென்ற மாதம் எனக்கு வலக்கண்ணில் மட்டும் செய்தார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் காலை, கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச்சுவரை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலக்கண்ணுக்குச் சுவர் கறந்த பால் மாதிரி இருந்தது. இடக்கண்ணுக்கு அதே சுவர் ஆறிப்போன சாயாவைத் தெளித்த மாதிரி இருந்தது. இதில் எது என் வீட்டுச் சுவர்? மகளிடம் கேட்டேன்.

"ரெண்டாவது கண்ணும் செஞ்சிட்டா இந்தச் சந்தேகமெல்லாம் போயிடும்மா" என்றாள்.

சந்தேகம் போய்விடும், சரி. விடை கிடைத்துவிடுமா?

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது ஆறாம் வகுப்பில் படித்தபோது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு. நாள் விஷயத்தில் நான் கறார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கவில்லை. அதனால் வருஷத்தை இங்கே போடவில்லை. ஊகித்து எழுதும் தேதியைவிட எழுதாத தேதி நல்லது. மாதம் உறுதி: மலையாளத் துலாம், நம் ஐப்பசி. காலையில் நல்ல வெயில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும். கிழமைகளும் உறுதி. அறிவியல் வகுப்பு திங்களும் வெள்ளியும்தான் இருந்தது. அவற்றை வைத்து மற்ற நாட்களைக் கணக்கிட்டுக்கொண்டேன்.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில். சில தலைமுறைகளுக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் எங்களுடையவை. துணி வெளுப்பது தொழில். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சலவைத்துறையில் இரண்டும் கலந்த ஒன்று. எழுதப் படிக்கக் கற்றது மலையாளத்தில். தமிழ் எழுத்தை முப்பது வயதுக்கு மேல்தான் நானே முயன்று கற்றேன். இதை எழுதும்போதுகூட ற, ர வரும் இடங்களில் ஒரு கணம் நின்றுதான் போகிறேன்.

துறை நடந்துபோகும் தூரம். வரிசையாகத் துவைகற்கள், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தொட்டி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல். பின்னால் துணி காயும் மைதானம். அங்கே கட்டியிருக்கும் கயிறு இரட்டையாக முறுக்கியது. கிளிப் கிடையாது. முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் விழாது. அம்மா துவைப்பாள். அப்பா சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, மூட்டையைச் சைக்கிளில் வைத்து வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வருவார். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்பதற்குக் குறி உண்டு. சேங்கொட்டைச் சாற்றைக் குச்சியில் தொட்டுத் துணியின் ஓரத்தில் போடுவது. துணி கிழிந்தாலும் குறி போகாது.

அப்புறம் நீலம். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். துணித்துண்டில் முடிந்த நீலப்பொடியைத் தண்ணீரில் ஆட்டினால் புகை மாதிரி இறங்குமே, அது. பருத்தித்துணி எத்தனை துவைத்தாலும் உள்ளூர ஒரு மஞ்சள் இருக்கும். அந்த மஞ்சளை எடுக்க முடியாது. அதன்மேல் துளி நீலத்தை ஏற்றினால் கண் அதை வெள்ளை என்று ஒத்துக்கொள்ளும். ஊரில் 'நல்ல வெள்ளை' என்று பெயர் வாங்கிய துணியெல்லாம் நீலத் துணிதான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டே, எங்கள் தொழிலே அந்த நம்பிக்கையில் ஓடியது.

என் அறிவியல் டீச்சரின் வீட்டுத் துணியும் அம்மாதான் வெளுத்தாள். டீச்சர் மலையாளி, கிறிஸ்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தாயுடன் இருந்தவர். அந்தத் தாய் முந்தைய துலாத்தில் இறந்துபோயிருந்தார். முதல் ஆண்டு நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று தாயின் படத்துக்குக் கீழே மேசையில் விரிப்பதற்காக, அவர் தோளில் போட்டுக்கொள்ளும் கவணியை, அதாவது மெல்லிய வெள்ளை மேல்துணியை, டீச்சர் ஒரு திங்கட்கிழமை வெளுக்கக் கொடுத்தார். வியாழக்கிழமை அப்பா அதைத் தேய்த்து, காகிதம் சுற்றி, கொண்டுபோய்க் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் கயிற்றில் துணி செருகிக்கொண்டிருந்தேன். டீச்சர் துறைக்குள் வந்தார். வெறும் கையோடு வந்தார்; இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அது என்டெ அம்மச்சியுடெ கவணியல்ல" என்றார்; தாயை அவர் அம்மச்சி என்றுதான் சொல்வார். "இது வேறெ ஏதோ துணி. நல்ல மஞ்ஞ நிறம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "குறி இருக்குமே டீச்சர். ஒரு கோடு, மூணு புள்ளி. நோக்கியில்லே?"

"குறி இடுன்னது நிங்ஙளல்லே? ஏது துணியிலும் இடாம்."

அது நியாயமான வாதம் என்று இப்போது தோன்றுகிறது. குறி போடுகிறவளே குறியைச் சாட்சியாகக் காட்ட முடியாது.

"அதைக் கொண்டாங்க டீச்சர், நான் பார்க்கிறேன்."

"கொண்டுவரான் பற்றில்ல. தெளிவு என்டெ அலமாரியிலிருக்கும். நிங்ஙளுடெ கையில் தந்நால் அதும் மாறும்." கொண்டுவர முடியாது என்கிறார்; தெளிவு என்றால் மலையாளத்தில் சாட்சியம்.

அம்மா கோபப்படாமல், சமாதானமாகத்தான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"அது டீச்சருக்குத் தோன்னுன்னதா."

எங்கள் வீட்டுத் தமிழில் 'தோணுது' என்றால் கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். 'அக்கரையில மழை தோணுது' என்று அப்பா சொன்னால் அக்கரையில் உண்மையாகவே மழை பெய்யும். அம்மா அதைத்தான் மலையாளமாக்கினாள்: உங்கள் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. ஆனால் மலையாளத்தில் 'அது நின்டெ தோன்னலா' என்றால், அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் உன் மனப்பிரமை என்று அர்த்தம்.

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "எனிக்கு தோன்னுன்னதோ? எனிக்கெந்தா பிராந்தாணோ? என்டெ ஈ ரண்டு கண்ணுகொண்டு கண்டதா!" என்று கத்தினார். தனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார்; வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் அது. "கள்ளி! அடுத்த ஞாயிறாழ்ச அம்மச்சியுடெ ஆண்டாணு. அதினு முன்பு என்டெ கவணி கிட்டியில்லெங்கில், ஈ வழியில் ஒரு வீட்டில்நின்னும் நிங்ஙள்க்கு துணி தராதிருக்கான் எனிக்கறியாம்!" எந்த வீட்டிலிருந்தும் எங்களுக்குத் துணி வராமல் செய்துவிடுவாராம்.

துவைக்கும் சத்தம் ஒவ்வொரு கல்லாக நின்றது. டீச்சர் போன பிறகு ஒவ்வொரு கல்லாகத் திரும்பத் தொடங்கியது. பக்கத்துக் கல் அத்தை அம்மாவை லேசாக்கப் பார்த்தாள்.

"என்ன மதினி, கவணியைப் போட்டுக்கிட்டு மாட்டினி ஷோவுக்குப் போனியோ?"

"ஆமா. உங்க அண்ணனும் டாக்டர் வீட்டுப் பேன்ட்டைப் போட்டுக்கிட்டு கூட வந்தாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். துணியை மட்டும் வழக்கத்தைவிடப் பலமாக அடித்தாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார், "நிசமா என்னதான் ஆச்சு?"

"நீலம் போடலை, அவ்வளவுதான். பழைய நூலு. துலா மழையில பாதி காய்ஞ்சும் காயாம மழை புடிச்சுதுன்னா நீலம் திட்டுத்திட்டா நின்னுரும். செத்தவுங்க துணி. அதுல கறை ஏத்தவா?"

"இதை அவுங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல விட்டாங்களா? கள்ளின்னு சொல்லியாச்சு. அதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் கள்ளி சொல்றதுதானே?"

"போனாப் போகுது. ஒரு மன்னிப்புக் கேட்டுரு. வேற நல்ல கவணி ஒண்ணு வாங்கிக் கொடுத்துருவோம்."

"கேக்க மாட்டேன்" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "வாங்கிக் கொடுத்தா நான் எடுத்ததா ஆயிரும். கண்ணால காண்பதும் பொய், காதால கேக்கறதும் பொய்ம்பாங்க. அவங்க தீர விசாரிக்கட்டும்."

அந்தப் பழமொழியில் ஒரு ஓட்டை இருப்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. தீர விசாரிப்பது எதனால்? அதுவும் இதே கண்ணாலும் காதாலும்தானே?

திங்கட்கிழமை வகுப்பில் ஐம்பொறிகள் பாடம். கண்ணும் காதும் மூக்கும் அறிவின் வாசல்கள் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினார். என்னைப் பார்க்காமலே எழுதினார். பள்ளி விட்டதும் கூப்பிட்டார். பக்கத்திலேயே வீடு. உள்ளே நடு அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை, ஆண்டுக்காக வெள்ளையடித்திருந்தார்கள். சுவரையொட்டிய கயிற்றில் கவணி விரித்துத் தொங்கியது.

"தொடண்டா. நோக்கியால் மதி. எந்து நிறமா?"

தொடாமல் பார்த்தேன். அது மஞ்சளாக இருந்தது. பழைய தந்தம் மாதிரி, நோயாளியின் பல் மாதிரி மஞ்சள். அம்மாவின் கையில் வளர்ந்த எனக்கு வெள்ளையின் தரங்கள் தெரியும். நீலம் போடாத துணியாக இருந்தாலும் இத்தனை மஞ்சளாக இருக்க முடியாது என்றுதான் எனக்குப் பட்டது.

"மஞ்ஞ" என்றேன்.

"ஆ. நீயெங்கிலும் சத்யம் பறஞ்ஞல்லோ" என்று டீச்சர் என் தலையைத் தடவினார். அந்தத் தடவலை இன்றைக்கும் என் மண்டையோட்டில் உணர முடியும்.

வீட்டுக்கு வந்தேன். மழை தொடங்கியிருந்தது. அம்மா துறையிலிருந்து வரவில்லை. நான் பையைக்கூட இறக்காமல் அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். ஒரு சேலை, இரண்டு சேலை, என் குழந்தைச் சட்டை. அந்துருண்டை வாசனை. கையை உள்ளே விட்டுத் துழாவினேன்.

"அடியிலயும் பாரு" என்று பின்னால் குரல். "கல்யாணப் புடவைக்குக் கீழ."

அம்மா நனைந்துபோய் வாசலில் நின்றாள். அடிக்க வரவில்லை. நான் பெட்டியை மூடப் போனேன்.

"மூடாதே. பாருன்னேன்ல?"

பார்த்தேன். கல்யாணப் புடவைக்குக் கீழே பழைய செய்தித்தாள். அதற்குக் கீழே தகரம்.

"பார்த்துட்டியா?"

"ம்."

"என்ன பார்த்தே?"

"ஒண்ணுமில்ல."

"போய் டீச்சர்கிட்ட சொல்லு. ஒண்ணுமில்லாததைப் பார்த்தேன்னு."

அதை எப்படிச் சொல்வது? மஞ்சளைப் பார்த்தேன் என்று சொன்னால் ஒரே வார்த்தையில் சாட்சியாகிவிட்டது. ஒன்றும் இல்லாததைப் பார்த்தேன் என்றால், சரியாகப் பார்க்கவில்லை என்பார்கள். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு சோறு வடிக்கப் போய்விட்டாள். நான் படுப்பதற்கு முன் ஒன்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைக் கண்டுபிடிப்பேன். அம்மா எடுத்திருந்தால் அது எனக்குத் தெரிய வேண்டும். எடுக்கவில்லையென்றால் ஊருக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருநாள்கூட இருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் என் பள்ளிச் சட்டையை எடுக்க மைதானத்துக்குப் போனேன். ஏதோ லாட்ஜ் விரிப்புகள் வரிசையாக, பளீரென்று காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு சின்ன மஞ்சள் சட்டை. என்னுடையது போலவே அளவு. என்னுடையதைத் தேடினேன், காணவில்லை. என் சட்டையையும் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்த மஞ்சள் சட்டையைக் கயிற்றிலிருந்து உருவினேன். இரண்டாவது பொத்தான் கறுப்பு நூலில் தைத்திருந்தது, நானே தைத்தது. கீழே மணலையும் என் கையையும் பின்னணியாக வைத்துப் பார்த்தால் சட்டை வெள்ளை. நான் பள்ளிக்குப் போடும் அதே வெள்ளை.

மறுபடி இரண்டு விரிப்புகளுக்கும் நடுவில் பிடித்தேன். மஞ்சள். வெளியே எடுத்தேன். வெள்ளை.

எங்கள் வீட்டுத் துணிக்கு அம்மா நீலம் செலவழிக்க மாட்டாள். லாட்ஜ் விரிப்புகளுக்கு இரட்டை நீலம். அவ்வளவுதான் விஷயம்.

வளர்ந்த பிறகு இந்த விஷயத்தைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். கயிற்றைப் பாம்பென்று மயங்குவது, தண்ணீரில் கோல் வளைந்து தெரிவது என்று எல்லாப் புத்தகத்திலும் உதாரணங்கள் வரும். கயிறும் பாம்பும் எனக்கு ஒருநாளும் போதவில்லை. விளக்கைக் கொண்டுபோனால் பாம்பு ஓடிவிடும். அப்புறம் எத்தனை முறை பார்த்தாலும் கயிறுதான். என் சட்டை அப்படியல்ல. அது என்னுடையது என்று தெரிந்த பின்னும், பொத்தானைப் பார்த்த பின்னும், விரிப்புகளுக்கு நடுவில் வைத்தால் மஞ்சளாகவே நின்றது. அறிவு வந்து கண்ணைத் திருத்தவில்லை. கோலின் கதையும் இதுதான்: நேரானது என்று தெரிந்தும் வளைவு வளைவாகவே இருக்கும். அப்படியானால் கண் பொய் சொல்கிறது என்று அதன்மேல் பழி போடுவது சரியா? கண் ஒரு பொருளை மட்டும் தனியாகச் சொல்வதில்லை. அக்கம்பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. நாம்தான் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறோம்.

இதெல்லாம் பிற்பாடு வந்த யோசனை. அன்று நான் செய்தது, மலையாளக் காப்பி நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு கிழித்தது. எந்த இடம், பக்கத்தில் என்ன, வெயிலா மேகமா, என்ன நிறம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலையில் அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். கரிச்சுவர் முன்னால், வாழையிலை முன்னால், அத்தையின் கறுத்த முதுகுக்குப் பக்கத்தில்.

"என்னட்டி, சட்டைக்கு ஊர் சுத்திக் காட்டுறியா?" என்றாள் அத்தை.

"அத்தை, அசையாம இருங்க. எழுதிக்கிட்டிருக்கேன்."

"மதினி, ஒன் மவளுக்கு கஷாயம் வையி."

அந்த நோட்டு பின்னாளில் வீடு மாற்றியபோது தொலைந்துவிட்டது. ஆனால் இன்றுவரை நான் எதைப் பார்த்துக் குறித்தாலும் அந்த நாலு கட்டத்தையும் நிரப்பாமல் விடுவதில்லை.

டீச்சரின் சுவர் எனக்குச் செவ்வாய்க்கிழமையே புரிந்துவிட்டது. திங்களன்று அங்கே நின்றபோது என் காக்கித் துணிப்பை சுவரில் உரசியிருந்தது. பையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு வெறும் வெள்ளையல்ல, வானத்தின் ஓரம் மாதிரி இருந்தது. வெள்ளையடிக்கிறவர்கள் சுண்ணாம்பில் நீலம் கலப்பார்கள், எங்களைப்போலவே, அதே காரணத்துக்காக.

ஆனால் டீச்சருக்கு எப்படிக் காட்டுவது? என் சட்டையைக் கொண்டுபோனால், அதுவும் கள்ளியின் மகள் கொண்டுவந்த துணிதான். எங்கள் கை படாத ஒரு வெள்ளை வேண்டும். டீச்சர் சந்தேகப்பட முடியாத வெள்ளை. இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை அறிவியல் வகுப்பில் அது என் கண் முன்னாலேயே டீச்சரின் விரல்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளி விடும் மணி அடித்ததும் மேசையிலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு டீச்சரின் பின்னாலேயே நடந்தேன். வீட்டுப்படியில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"எந்தா? கவணி கொண்டுவந்நோ?"

"இல்ல டீச்சர். இது." சாக்பீஸை நீட்டினேன்.

"சோக்கும் மோஷ்டிச்சோ?" சாக்பீஸையும் திருடிவிட்டாயா என்று கேட்டார். முகம் சுட்டது. திரும்பி ஓடியிருப்பேன். கல்யாணப் புடவைக்குக் கீழே என் கையைத் தொட்ட தகரத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு நிமிஷம் மதி, டீச்சர்."

உள்ளே விட்டார். கவணி அதே கயிற்றில், அதே சுவர் முன்னால் தொங்கியது. நான் சாக்பீஸைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன்.

"இதினு எந்து நிறமா, டீச்சர்?"

"வெள்ள."

"நோக்கீட்டு பறயணே."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். வெகுநேரம் பார்த்தார். சாக்பீஸ், அந்தக் கவணியைப்போலவே மங்கி, மஞ்சளித்துக் கிடந்தது.

"இதும் என்டெ அம்ம மாற்றியதாணோ?" என்று கேட்டேன்.

அவர் கவணியைத் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ஞான் தொடில்ல. டீச்சர்தன்னெ எடுத்து முற்றத்தேக்கு வரூ."

அவரே கவணியை எடுத்தார். முற்றத்தில், மாமரத்தடியில், மழைக்கு இருட்டிக்கொண்டு வரும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். நான் படியிலேயே நின்றேன். மூன்றாவது முறை வெளியே வந்தபோது அவர் நிறத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே நகமளவுக்கு ஒரு இழைத்தையல் இருந்தது.

"அம்மச்சி துன்னியதா" என்றார். அம்மச்சி தைத்தது.

அந்தத் தையல் எட்டு நாளாக அங்கேயேதான் இருந்தது. மஞ்சள் என்று ஒருமுறை கண்டுவிட்ட பிறகு, அவர் வேறெதையும் பார்த்திருக்கவில்லை. நானும்தான். பார்த்தாகிவிட்டது என்று நினைத்த இடத்தோடு பார்வை நின்றுவிடுகிறது. தாயை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒருத்தி, தாயின் துணி நிறம் மாறித் தெரிந்ததும், கள்ளி ஒருத்தி வேண்டும் என்று தேடியதை இன்று என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அன்று முடியவில்லை. அன்று எனக்குக் கோபம் மட்டும் இருந்தது.

"அப்போள் எனிக்கு தோன்னியதா, அல்லே?" என்றார் மெதுவாக.

"அல்ல டீச்சர். கண்டதா. ஞானும் கண்டதல்லே?" என்றேன். அம்மா நீலம் போடாததையும், ஏன் போடவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் கவணியை மார்போடு சேர்த்து மடித்தார். "அம்மச்சியெ ஞான் எந்நும் நீலத்திலே கண்டிட்டுள்ளூ" என்றார்; தாயை எப்போதும் நீலம் போட்ட வெள்ளையில்தான் பார்த்திருக்கிறாராம். எல்லாம் தெரிந்த பிறகும் அவருக்கு அந்த நீலம்தான் வேண்டியிருந்தது. அவருடைய தாய் வெள்ளையாக இருந்தது அப்படித்தான்.

நான் வீட்டில் எதையும் சொல்லவில்லை. நான் சொன்னால் அது மகள் சொன்னதாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை, அதே பத்து மணி. டீச்சர் துறைக்கு வந்தார். இந்த முறை கையில் காகிதம் சுற்றிய பொட்டலம். ஈரத்தரையில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து, அம்மாவுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கும்படி, "எனிக்கு தெற்றிப்போயி. ஷமிக்கணம்" என்றார்; தப்பு செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று. பொட்டலத்தை நீட்டினார். "நீலம் முக்கித் தருமோ? நாளெயாணு ஆண்டு."

அம்மா பொட்டலத்தை வாங்கவில்லை. கையில் துவைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்து, உதறி, கூடையில் போட்டாள்.

"டீச்சர்" என்றாள். "கள்ளின்னு சொன்னது அன்னைக்குக் கடைசிக் கல்லு வரைக்கும் கேட்டுது. இது எனக்கே சரியாக் கேக்கல."

டீச்சர் நிமிர்ந்தார். இருபது கற்களுக்கு மேல் இருக்கும் அந்த வரிசையில். எல்லாரும் துவைத்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"என்டெ கவணி ஆரும் மாற்றியிட்டில்ல!" கடைசி பெஞ்சுக்குப் போகும் அதே குரல். "ஞான் பறஞ்ஞது தெற்றாணு! இவர் கள்ளியல்ல!"

ஒவ்வொரு கல்லாக நின்றது. தொட்டிகளில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அத்தை வாயைத் திறந்தபடி நின்றாள். டீச்சரின் கழுத்து சிவந்திருந்தது. கண்ணாடிக்குள் நீர் நின்றது. ஆனாலும் அவர் குனியவில்லை.

அப்போது கடைசிக் கல்லிலிருந்து, காது மந்தமான பெரியவர் ஒருவர், துணியைத் தோளுக்கு மேல் ஓங்கியபடியே கத்தினார்.

"என்னம்மா? டீச்சர் என்ன சொல்றாங்க?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா டீச்சரைப் பார்த்தாள். பிறகு ஈரக்கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லண்ணே!" என்று கடைசிக் கல்லைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டீச்சர் துணி கொண்டாந்திருக்காங்க."